குறைந்த செலவில் ஆர்ட் ஜர்னல்: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறேழு பேர் கூடுவோம். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு தையல்கார அக்கா, வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், இன்னும் இரண்டு மூன்று பேர். நோட்டில் வெட்டுவோம், ஒட்டுவோம், வண்ணம் பூசுவோம், அதன் மேலேயே அன்றைய நாளைப் பற்றி நாலு வரி எழுதுவோம். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்: என்ன வாங்குவது, எங்கே கிடைக்கும், இவ்வளவு செலவாகுமா. பதில்களை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

மிக்ஸட் மீடியா என்றால் என்ன?

ஒரே பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருட்களைச் சேர்ப்பது, அவ்வளவுதான். வாட்டர் கலர் மேல் பேனா, அதன் மேல் ஒரு துண்டு காலண்டர் தாள், ஓரத்தில் ஒரு நூல் தையல். இதை நாட்குறிப்பு போல நோட்டில் செய்துகொண்டே வந்தால் ஆர்ட் ஜர்னல்.

கையில் 500 ரூபாய் இருக்கிறது. எதை முதலில் வாங்கட்டும்?

காகிதம், பசை, தண்ணீரில் கரையாத ஒரு கறுப்புப் பேனா. இந்த மூன்றுக்கும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மிச்சம் இருந்தால் ஒன்றிரண்டு சின்ன அக்ரிலிக் புட்டி, ஒரு தட்டைப் பிரஷ், ஒரு உருண்டைப் பிரஷ். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: 48 நிற ஸ்கெட்ச் பேனா, மினுமினுப்பு டேப், ஸ்டிக்கர் எல்லாம் வாங்கிவிட்டு, மெல்லிய கோடு போட்ட நோட்டில் உட்கார்ந்து, இரண்டாவது பக்கத்திலேயே தாள் ஊறிக் கிழிந்ததும் தனக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாவம், தாள்தான் கிழிந்தது, அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை. நிறம், படம், துணி, அச்சு இதெல்லாம் இந்த ஊரில் காசில்லாமலே கிடைக்கும், கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எந்த நோட்டு நல்லது? 300 ஜிஎஸ்எம் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஜெராக்ஸ் தாள் 70, 80 கிராம் வரும், அதில் தண்ணீர் பட்டால் நெளிந்துவிடும். வாட்டர் கலருக்கென்று விற்கும் தாள் 300 கிராம். நமக்கு நடுவில் 150 முதல் 200 வரை இருந்தாலே போதும், ஏனென்றால் ஒட்ட ஒட்டப் பக்கம் தானாகவே தடித்துக்கொண்டு போகும், 300 கிராம் தாளில் 40 பக்கம் ஒட்டி முடித்தால் நோட்டு மூடவே மூடாது.

நான் செய்வது இதுதான். கார்ட்ரிட்ஜ் தாளையோ தடித்த டிராயிங் தாளையோ பெரிய ஷீட்டாக வாங்கி வீட்டிலேயே மடித்து வெட்டி, நாலு நாலு தாளாக ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடு மடிப்பில் மூன்று துளை போட்டு மெழுகு தேய்த்த நூலால் தைத்துவிடுவேன். நடுத்துளையில் ஊசியை விட்டு, மேல் துளை, கீழ்த் துளை போய், திரும்ப நடுத்துளைக்கே வந்து முடிச்சுப் போட வேண்டும். பத்து நிமிட வேலை. தைக்கப் பொறுமை இல்லாதவர்கள் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு பைண்டிங் கடைக்குப் போங்கள். கல்லூரி ரெக்கார்டு நோட்டு பைண்டு செய்கிறவர்கள் இதையும் செய்து தருவார்கள். ஒரே ஒரு விஷயம், தாளைத் தைத்துத் தரச் சொல்லுங்கள், முதுகில் பசை மட்டும் தடவித் தந்தால் நோட்டு விரித்த மாதிரி நிற்காது.

அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை. எல்லோர் வீட்டிலும் ஒரு கட்டு கிடக்கும், மூலையில் மஞ்சள் தடவினது, பிள்ளையாரோ மீனாட்சி கல்யாணமோ அச்சிட்டது. அந்த அட்டையின் கனமும் விறைப்பும் கடையில் தனியாக வாங்கினால் நல்ல விலை. அட்டைக்கு மட்டும் இல்லை, உள்ளே சின்னப் பை ஒட்டவும், ஜன்னல் மாதிரி வெட்டவும் ஆகும். வழவழப்பான பக்கத்தில் வாட்டர் கலர் ஒட்டாமல் வழியும், அதனால் அதில் முதலில் ஜெஸ்ஸோவோ (வெள்ளை அடிப்பூச்சு, கீழே சொல்கிறேன்) அக்ரிலிக்கோ ஒரு பூச்சுப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பழைய கணக்குப் பேரேடு. சிவப்புத் துணி பைண்டிங் போட்ட லெட்ஜர் நோட்டில் தாள் சாதாரண நோட்டைவிடத் தடிமன், கோடுகளும் பக்க எண்களும் பார்க்கவே அழகு. பழைய பேப்பர் கடையில் எழுதாமல் கிடைத்தால் விடாதீர்கள்.

பசை எது? ஃபெவிகால் போட்டால் தாள் சுருங்குகிறதே?

சுருங்கத்தான் செய்யும், அதில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் பட்டால் தாளின் நார் உப்பும், காயும்போது ஒரே சீராகக் காயாது, அதனால்தான் நெளிவு. மெல்லிய தாளுக்கு க்ளூ ஸ்டிக். நடுத்தரத் தாளுக்கும் துணிக்கும் ஃபெவிகால் எம்ஆர், ஆனால் பாட்டிலில் இருந்து பிதுக்கி வரி வரியாக விடாமல், பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் மெல்லிசாக இழுத்துப் பரப்புங்கள். ஒட்டியதும் மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதன் மேல் கனமாக எதையாவது ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அரிசி மூட்டைக்கு அடியில் போகும்.

மைதாப் பசை பற்றியும் கேட்கிறார்கள். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் காய்ச்சுவார்களே, அதேதான். ஒரு பங்கு மைதாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர், கட்டி இல்லாமல் கரைத்துச் சின்னத் தீயில் கண்ணாடி போல ஆகும் வரை கிண்ட வேண்டும். பழைய செய்தித்தாள், டிஷ்யூ போன்றவற்றுக்கு அருமையாக ஒட்டும். சிக்கல் என்னவென்றால் மாவை இராமபாணப் பூச்சிக்கு ரொம்பப் பிடிக்கும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூச்சி வராது என்று அந்தக் காலத்தில் சேர்ப்பார்கள், ஆனால் அது விஷம், கையால் தொட்டுத் தொட்டுப் புரட்டுகிற நோட்டில் எனக்கு அது வேண்டாம். மைதாப் பசையைச் சுவருக்கும், பிள்ளைகளின் ஒருநாள் வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெஸ்ஸோ வாங்கியே ஆக வேண்டுமா?

ஜெஸ்ஸோ என்பது வண்ணம் பிடிக்கிற மாதிரி அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு. கேமல் ஜெஸ்ஸோ டப்பா கிடைக்கிறது, நன்றாகவே இருக்கும். ஆனால் நோட்டுக்கு மட்டும் என்றால் ஹார்டுவேர் கடையில் சுவருக்கு அடிக்கிற வாட்டர் ப்ரைமர் சின்ன டப்பா வாங்கினால் போதும், அது ஒரு வருடத்துக்கு மேல் வரும். இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் காய விட வேண்டும். மதுரை வெயிலில் பத்து நிமிடம்தான். வால் புட்டி வேண்டாம், பக்கத்தைத் திருப்பினால் பொடிப்பொடியாக உதிரும். கண்காட்சிக்குக் கேன்வாஸில் வரைகிறவர்கள் மட்டும் கலைக்கென்று செய்ததையே வாங்குங்கள்.

எந்த வண்ணம்? வாட்டர் கலரா, போஸ்டரா, அக்ரிலிக்கா?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அக்ரிலிக். ஃபெவிக்ரில், கேமல் இரண்டுமே சின்னப் புட்டியாகத் தனித்தனி நிறத்தில் கிடைக்கும், முழு செட் வாங்கத் தேவை இல்லை. வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு, நீலம் வாங்கிக் கலந்துகொள்ளுங்கள், வெள்ளை மட்டும் இரண்டாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும். அக்ரிலிக் காய்ந்தபின் தண்ணீரில் கரையாது என்பதால் அதன் மேல் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போடலாம், நம் வேலைக்கு அது பெரிய வசதி. போஸ்டர் கலர் விலை குறைவு, மூடும் தன்மையும் நல்லது, ஆனால் தடிப்பாகப் பூசினால் வெடிக்கும், ஈரக்கை பட்டால் கரையும். ஆயில் பேஸ்டல் காயவே காயாது, எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும், நடுவில் பட்டர் பேப்பர் வைக்கத் தயார் என்றால் பயன்படுத்துங்கள்.

வீட்டிலேயே வண்ணம் செய்யலாமா?

செய்யலாம், எனக்கு மிகவும் பிடித்த வேலையே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் காவி. கோயில் மதிலில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை அடித்திருப்பார்களே, அந்தச் சிவப்பு. அதில் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு, வெயிலில் வெளிறாது. கோலத்துக்கு விற்கும் காவிக்கட்டி வாங்கலாம், இல்லையென்றால் செம்மண்ணே எடுத்து வரலாம். மண்ணைத் தண்ணீரில் கலக்கி அரை நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும், மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை இன்னொரு பாத்திரத்தில் ஊற்றி ஒருநாள் அசையாமல் வைத்தால் மைபோல நைசான வண்டல் படியும். இதை இரண்டு மூன்று தடவை செய்து, வண்டலைக் காயவைத்துத் துணியில் சலித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பொடி தாளில் பிடித்து நிற்கப் பிசின். நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் கேளுங்கள். ஒரு பங்கு பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, அதில் சில சொட்டுத் தேனும், பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டுக் கிராம்புத் தைலமும் விடுங்கள். தேன் சேர்ப்பது வண்ணம் காய்ந்து வெடிக்காமல் இருக்க. பொடியும் பிசின் தண்ணீரும் ஏறக்குறைய சம அளவு எடுத்து, சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு கல்லில் இருபது நிமிடமாவது அரையுங்கள். அரைக்க அரைக்க நறநறவென்ற சத்தம் குறைந்துகொண்டே வரும், சத்தம் நின்றால் பதம் வந்துவிட்டது. அரைத்த வண்ணத்தில் பாதியை ஒரு பாட்டில் மூடியில் ஊற்றிக் காயவிட்டு, சுருங்கியதும் மீதியை ஊற்றுங்கள். சொந்த வாட்டர் கலர் ரெடி. திருமங்கலம் தாண்டிக் கிடைக்கும் கரிசலிலும் செய்து பார்த்தேன், சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு நிறம் வந்தது, மழைக்கு முந்தைய வானம் வரைய நான் இப்போது அதைத்தான் எடுக்கிறேன். கறுப்புக்கு விளக்குக் கரி: கண்மைக்கு எடுக்கிற மாதிரி விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, அதே பிசினில் அரைத்தால் மை.

மஞ்சள்தூள் கேட்பீர்கள். பூசும்போது பளிச்சென்று இருக்கும், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறிவிடும். ஆனால் ஒரு அழகான விஷயம் இருக்கிறது, ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்குமே, அதே வித்தை தாளிலும் நடக்கும். பக்கம் முழுக்க மஞ்சள் தண்ணீர் பூசிக் காயவைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து மெல்லிய பிரஷால் கோடு போட்டால் கண் முன்னாலேயே சிவப்புக் கோடு வரும். நாளாக ஆக அந்தச் சிவப்பு மங்கும், அதனால் செய்த அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழங்காலத்து எழுத்து மாதிரி வேண்டும் என்பவர்களுக்குக் கடுக்காய் மை. கடுக்காய்த் தோலை இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டினால் வெளிர்ப் பழுப்பு. அதில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு ஒரு சிட்டிகை போட்டால் அந்த நொடியே கறுக்கும். கலம்காரித் துணியில் கறுப்பு வருவதும் இப்படிக் கடுக்காயும் இரும்பும் சேர்ந்துதான். அன்னபேதி அதிகமானால் வருடங்கள் போகப் போகத் தாளையே அரித்துவிடும், சிட்டிகைக்கு மேல் போடாதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கலர் கோலப்பொடியைப் பிசினில் கலந்தால் வண்ணம் ஆகுமா?

ஆகாது. அது சாயம் ஏற்றிய பொடி, அரைத்தாலும் சொரசொரப்பு போகாது, சாயமும் கசியும். ஃபெவிகாலில் குழைத்து, பக்கத்தில் மேடு பள்ளம் காட்ட வேண்டிய இடத்தில் பூசலாம்.

எழுத எந்தப் பேனா?

சாதாரண பால்பாயிண்ட் பேனா. ரெனால்ட்ஸ் 045 போதும். அதன் மை எண்ணெய்த் தன்மை உள்ளது, மேலே தண்ணீர் பட்டாலும் ஓடாது. ஜெல் பேனாவில் சிலது ஓடும், சிலது ஓடாது, இங்க் பேனா பெரும்பாலும் ஓடும். அக்ரிலிக் பூசிய வழுக்கலான இடத்தில் பால்பாயிண்ட் சறுக்கும், அங்கே சிடி மார்க்கர். நிறமி மை பேனா என்று விற்கும் மெல்லிய முனைப் பேனாக்கள் நல்லவை, விலை கொஞ்சம் கூட, ஒன்று மட்டும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். எதை வாங்கினாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, காய்ந்ததும் ஈர விரலால் தேய்த்துப் பார்த்துப் பக்கத்தில் பேனா பெயரை எழுதிவிடுங்கள்.

அப்படியே ஒரு வெயில் சோதனையும் செய்யுங்கள். எல்லாப் பேனாவிலும் ஒரு துண்டு அட்டையில் கோடு போட்டு, பாதியை மறைத்து ஜன்னலில் ஒட்டி, சித்திரை வெயிலில் ஒரு மாதம் விட்டால் தெரிந்துவிடும். என் பாட்டி சொன்ன கதைகளை ஒரு கூட்டாளி கொடுத்த இளஞ்சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதிச் சட்டம் போட்டு மாட்டினேன். ஒரு வருடத்தில் எழுத்து மறைந்துவிட்டது, பாட்டியும் இப்போது இல்லை. அதற்குப் பிறகு முக்கியமானது எதையும் சோதிக்காத பேனாவில் எழுதுவதில்லை.

வெட்டி ஒட்டப் படங்கள் எங்கே கிடைக்கும்?

முதலில் உங்கள் வீட்டுச் சுவரில். தினசரி காலண்டர் தாள், ராகு காலம், எமகண்டம், பெரிய சிவப்பு எண் எல்லாம் சேர்ந்து அச்சு வடிவமாகவே பார்க்க நன்றாக இருக்கும், கிழித்து எறியாமல் சேருங்கள். சிவகாசி பக்கத்தில் இருப்பது நமக்குப் பெரிய கொடுப்பினை, தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி அட்டை, சாமி படம், இவற்றின் அடர்ந்த நிறங்களை எந்த விலையுயர்ந்த ஸ்டிக்கர் தாளிலும் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் அச்சகம் இருந்தால் ஓரம் வெட்டிப் போட்ட தாள்களைக் கேளுங்கள், அநேகமாகச் சும்மாவே அள்ளித் தருவார்கள். திலகர் திடல் ஞாயிறு சந்தையில் பழைய சாமான்களோடு சாவி, பித்தானும் கண்ணில் படும், காலையிலேயே போய்விடுங்கள்.

சொந்தப் புகைப்படம் ஒட்ட வேண்டும் என்றால் ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்து அதை ஒட்டுங்கள். ஜெராக்ஸ், லேசர் அச்சு இரண்டும் டோனர், தண்ணீர் பட்டாலும் கலையாது. வீட்டு இன்க்ஜெட் அச்சில் பசை பட்டாலே மை பரவும். பஸ் டிக்கெட், கடை ரசீது இவை வெப்பத்தில் அச்சாகும் தாளாக இருந்தால் சில மாதத்தில் வெறுமையாகிவிடும், அதையும் உடனே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் பழுக்கும், அந்தப் பழுப்பு பிடித்திருந்தால் நேரடியாக ஒட்டலாம்.

ஸ்டென்சில், ஸ்டாம்ப் எல்லாம் விலை அதிகமாக இருக்கிறதே?

கோல அச்சுத் தட்டு வாங்குங்கள், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு, அதுவே ஸ்டென்சில்தான். தாளில் வைத்து, பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜ் துண்டில் அக்ரிலிக்கை மிகக் குறைவாக எடுத்துத் தட்டித் தட்டி ஒற்ற வேண்டும், வண்ணம் அதிகமானால் அடியில் கசியும். ஸ்டாம்புக்கு வெண்டைக்காய், உருளைக்கிழங்கு, இல்லையென்றால் பெரிய அழிரப்பரைப் பிளேடால் செதுக்கலாம். காலி மெஹந்தி கோனில் அக்ரிலிக்கும் ஃபெவிகாலும் கலந்து நிரப்பினால் எழும்பி நிற்கும் கோடு போடலாம். தாளுக்கு அடியில் காசு, இலை, ஓலைப் பாய் வைத்து மேலே பென்சிலால் தேய்த்து உருவம் எடுப்பதும் நல்ல முறை. கோயில் தூணிலும் சிற்பத்திலும் மட்டும் தாள் வைத்துத் தேய்க்காதீர்கள், அவற்றைப் பார்த்து வரையுங்கள்.

துணி, நூல், பூ?

தையல் கடையில் வெட்டுத்துணி கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள், சித்திரைத் திருவிழா வேடங்களுக்கு அவர்கள் தைக்கும் துணியில் ஜரிகையும் பளபளப்பும் இருக்கும், துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். பழைய சுங்குடிச் சேலை கிழிந்திருந்தால் அந்தப் புள்ளிகள் அப்படியே பக்கத்தின் பின்னணி ஆகும், ஆனால் முதலில் ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பூக்காரர்கள் கட்டும் வாழை நாரை நிழலில் காயவைத்தால் நோட்டைச் சுற்றிக் கட்ட உறுதியான கயிறு.

மல்லிகையை எல்லோரும் நோட்டில் வைக்க ஆசைப்படுகிறார்கள். பழுப்பாகிவிடும், ஈரம் அதிகம். காகிதப்பூ வையுங்கள், அது முக்கால்வாசி காய்ந்த மாதிரிதான் பூக்கிறது, நிறம் வெகுநாள் நிற்கும். எந்தப் பூவையும் பழைய புத்தகத்தில் செய்தித்தாளுக்கு நடுவே இரண்டு வாரம் அழுத்திய பிறகே ஜர்னலுக்குக் கொண்டுவாருங்கள்.

ஆன்லைனில் வாங்கலாமா?

தாள் தவிர மற்றதை வாங்கலாம். தாளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 300 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்த ஒரு நோட்டை ஆன்லைனில் வாங்கினேன், வந்ததை நிறுத்துப் பார்த்துக் கணக்குப் போட்டால் பாதிகூட இல்லை. திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றார்கள். கணக்கு எளிது: ஏ4 தாள் 16 வைத்தால் ஒரு சதுர மீட்டர், அந்தப் 16 தாளின் எடைதான் ஜிஎஸ்எம்.

பிள்ளைகளோடு செய்யலாமா?

தாராளமாக. மைதாப் பசை, வெண்டைக்காய் அச்சு, காவி, காலண்டர் தாள் கொடுங்கள். சுண்ணாம்பு, அன்னபேதி, கட்டர், சுவர் ப்ரைமர் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

முடித்த பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்வது?

அக்ரிலிக் காய்ந்தாலும் லேசான பிசுபிசுப்பு இருக்கும், ஐப்பசி மழையில் அது கூடும். பக்கம் நன்றாகக் காய்ந்ததும் மெழுகுவர்த்தியால் மேலே லேசாகத் தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள், எழுதி முடித்த பிறகுதான், மெழுகு மேல் பேனா எழுதாது. ஃபெவிகாலைத் தண்ணீராக்கி மேலே பூசி முடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு, அது மழைக்காலத்தில் திரும்ப இளகும், வேண்டாம். ஏற்கெனவே ஒட்டிய பக்கத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். நோட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, தட்டைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தை ஓரத்தில் இருந்து மெதுவாக உள்ளே விடுங்கள். பெரும்பாலும் பிரிந்துவிடும். கொஞ்சம் தோல் உரிந்து வந்தால் அந்த இடத்தில் ஒரு காலண்டர் தாளை ஒட்டிக்கொள்ளலாம்.